பாம் கோப்புகளில் ஒரு கைரேகை வேட்டை

2002 அக்டோபரில் பாம் நிறுவனம் இரண்டு கையடக்கக் கணினிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாதத் தொடக்கத்தில் வந்தது ‘சையர்’, விலை 99 டாலர். மாதக் கடைசியில் வந்தது ‘டங்ஸ்டன் டி’, விலை 499 டாலர். சையருக்குள் இருந்தது மோட்டரோலாவின் 68000 வழிவந்த டிராகன்பால் ஈஇசட், வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். 1996-இல் முதல் பைலட் வந்தபோது அதற்குள் இருந்த சிப்பும் இதே குடும்பம்தான், வேகமும் இதேதான். டங்ஸ்டனுக்குள் இருந்ததோ டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமேப் 1510, ஆர்ம் வடிவமைப்பில் உருவான சிப். ஒன்றுக்குத் தெரிந்த கட்டளைகளில் ஒன்றுகூட மற்றதற்குத் தெரியாது.

கையடக்கக் கருவிகளில் ப்ராசஸர்கள் மாறிய வரலாற்றுக்கு ஒரு காலவரிசை தயாரித்துக்கொண்டிருந்தேன். ‘பாம்: 68000-இலிருந்து ஆர்முக்கு, அக்டோபர் 2002’ என்று ஒரே வரியில் முடிக்க வேண்டிய வேலை. அநேகமாக எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அதே மாதத்தில் பழைய சிப்போடு வெளிவந்த சையர் அந்த வரியை எழுதவிடாமல் செய்தது. 2003 தொடக்கத்தில் வந்த டங்ஸ்டன் டபிள்யூவைப் பார்த்தால் அதிலும் 33 மெகாஹெர்ட்ஸ் டிராகன்பால் விஇசட். பெயரில் டங்ஸ்டன், வயிற்றில் பழைய சிப். அதே ஆண்டு அக்டோபரில் வந்த சையர் 21-இல்தான், அதே 99 டாலர் விலையில், ஆர்ம் சிப் கீழ்த்தட்டுக் கருவிக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே சிப்பைப் பொறுத்தவரை மாற்றத்துக்கு ஓராண்டு ஆனது என்று குறித்துக்கொண்டேன். நிரல்களுக்கு எவ்வளவு காலம் ஆனது என்ற கேள்வி அதற்கடுத்து எழுந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

சான்றுகள் என்று கையில் இருந்தவை மூன்று வகை. நிறுவனங்களின் அறிவிப்புகள், மோட்டரோலாவும் பாமின் ஓஎஸ்ஸை எழுதிய பாம்சோர்ஸும் வெளியிட்ட தொழில்நுட்பக் கையேடுகள், இன்டர்நெட் ஆர்க்கைவில் குவிந்து கிடக்கும் நிரல் கோப்புகள். இவற்றில் அறிவிப்புகளை நான் கடைசியாகத்தான் நம்புவேன். அவை எழுதப்படுவது நமக்காக அல்ல, பங்குச்சந்தைக்காக.

பெயர்களும் காலை வாரக்கூடியவை. டிராகன்பால் என்றாலே பழைய 68000 வழிச் சிப் என்று எடுத்துக்கொண்டு 2003-ஆம் ஆண்டுக் கருவிப் பட்டியல்களைப் படித்தால் கணக்கு தவறிவிடும். கார்மின் நிறுவனத்தின் ஐக்யூ 3600 அந்த ஆண்டில் வந்தது. ஜிபிஎஸ்ஸையும் பாம் ஓஎஸ்ஸையும் ஒன்றுசேர்த்த கருவி. அதன் விவரக்குறிப்பில் ‘மோட்டரோலா டிராகன்பால் எம்எக்ஸ்எல்’ என்று இருக்கும். ஆனால் அந்தச் சிப்பின் உள்ளே இருப்பது ஆர்ம். மோட்டரோலா பழைய பலகையை அப்படியே வைத்துக்கொண்டு கடையை மாற்றிவிட்டது. அந்த வரிசைதான் பின்னால் ஐ.எம்எக்ஸ் என்று பெயர் மாறி, ஃப்ரீஸ்கேல் கைக்கும் அங்கிருந்து என்எக்ஸ்பி கைக்கும் போனது. கிண்டில் கருவிகள் பலவற்றில் ஓடியதும் அதுவே. ஆகவே பெயரை நம்பாமல் உள்ளடக்கத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

உள்ளடக்கம் என்றால் பைட்டுகள். பாம் நிரல் ஒவ்வொன்றும் ஒரே கோப்பு. அதன் தலைப்பகுதி 78 பைட். முதல் 32 பைட்டில் நிரலின் பெயர், சற்றுத் தள்ளி அது உருவான நேரம், பிறகு இது நிரலா தரவா என்று சொல்லும் நான்கு எழுத்து. அதற்குப் பின் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல், பொருள் ஒன்றுக்குப் பத்து பைட் வீதம். ஒரு ஹெக்ஸ் எடிட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் யாரும் படித்துவிடலாம்.

நேரத்தைப் படிப்பதில் மட்டும் ஒரு வில்லங்கம். பாம் காலத்தை எண்ணுவது 1904 ஜனவரி 1-இலிருந்து. அது மெக்கின்டாஷின் வழக்கம். பாமின் ஆரம்பகால நிரலாளர்கள் மெக்கில் கோட்வாரியர் என்ற நிரலாக்கக் கருவியை வைத்து வேலை செய்தவர்கள். நிரலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்தில் பெயரிடும் முறையும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் வேறு கணினிகளில் உருவான சில கருவிகள் யூனிக்ஸ் வழக்கப்படி 1970-இலிருந்து எண்ணி அதே இடத்தில் எழுதிவிட்டன. அப்படிப்பட்ட கோப்பை 1904 கணக்கில் படித்தால் 2004-இல் எழுதிய நிரல் 1938-இல் எழுதியதாகக் காட்டும். அதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. 1904-இலிருந்து எண்ணினால் 1972-க்குப் பிற்பட்ட எந்தத் தேதியிலும் முதல் பைட் 128-ஐத் தாண்டியிருக்கும். தாண்டாவிட்டால் அது யூனிக்ஸ் கணக்கு. இதைச் சரிசெய்த பிறகே எந்தக் கோப்பையும் ஆண்டுவாரியாக அடுக்க முடிந்தது.

அடுக்கியபின் 2004 தேதியிட்ட ஒரு விளையாட்டைத் திறந்தேன். பாம் ஓஎஸ் 5 இருந்தால்தான் ஓடும் என்ற எச்சரிக்கை வாசகம் அதற்குள்ளேயே இருந்தது. ஓஎஸ் 5 என்பது 2002-இல் ஆர்முக்காகவே வந்த பதிப்பு, பழைய சிப்பில் அது ஓடாது. ஆகவே அந்தக் கோப்புக்குள் ஆர்ம் கட்டளைகள்தான் இருக்க வேண்டும்.

68000 குடும்பத்து நிரலை அடையாளம் காண்பது எளிது. ஒரு சார்பு தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் 78, 86 என்ற இரண்டு பைட் வரும். முடியும் இடத்தில் 78, 94, 78, 117. ஆங்கில எழுத்துகளாகப் பார்த்தால் தொடக்கத்தில் என், வி; முடிவில் என், கூரைக்குறி, என், யூ. மெக் காலத்து நிரலாளர்களுக்கு இந்தக் கடைசி நான்கும் மனப்பாடம். நிரலை வெறும் எழுத்தாகத் திறந்தாலே பக்கம் பக்கமாக அவை கண்ணில் படும். ஆர்மின் கைரேகை வேறு விதம். அதன் 32 பிட் கட்டளை ஒவ்வொன்றும் நான்கு பைட். அதில் உச்சியில் உள்ள நான்கு பிட், இந்தக் கட்டளையை எந்த நிபந்தனையில் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும். பெரும்பாலான கட்டளைகளுக்கு நிபந்தனை கிடையாது. ‘எப்போதும் செய்’ என்பதற்கான குறியீடு 14. அதனால் ஆர்ம் நிரலில் நான்காவது பைட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் மிகப் பலவும் 224-க்கும் 239-க்கும் இடையில் வந்து நிற்கும்.

அந்த 2004 விளையாட்டில் நான்காவது பைட்டுகள் தாறுமாறாகக் கிடந்தன. ‘என், கூரைக்குறி, என், யூ’ மட்டும் எங்கும் நிறைந்திருந்தது. ஆர்முக்கென்றே எழுதப்பட்டு, ஆர்மில் மட்டுமே ஓடும் ஒரு நிரல், முழுக்க முழுக்க மோட்டரோலாவின் கட்டளைகளில் இருந்தது.

முதலில் தோன்றியது, பழைய நிரலையே எடுத்துப் புது எச்சரிக்கையை ஒட்டி விற்றிருப்பார்கள் என்பது. அடுத்தடுத்த கோப்புகளைத் திறந்தபோது அந்தச் சந்தேகம் நிற்கவில்லை. அகராதி, கணக்குப் புத்தகம், சதுரங்கம், ரயில் நேர அட்டவணை, எதைத் திறந்தாலும் அதே கைரேகை. கருவியோடு வந்த முகவரிப் புத்தகமும் நாட்காட்டியும் அப்படியே. பாம் நிறுவனம் தன் சொந்த நிரல்களையே ஆர்முக்கு மாற்றி எழுதவில்லை!

விடை கையேடுகளில் இருந்தது. ஓஎஸ் 5-க்குள் ‘பேஸ்’ என்ற ஒரு பகுதி உண்டு. பழைய நிரல்களுக்கான இணக்கச் சூழல் என்பது அதன் விரிவு. வேலையைச் சொன்னால், அது 68000 சிப்பைப் போல நடிக்கும் ஓர் எமுலேட்டர். சென்னைப் பட்டணத்தில் கும்பினி வெள்ளையருக்கும் ஊர் வியாபாரிக்கும் நடுவில் நின்ற துபாஷியைப் போல, நிரல் பழைய மொழியில் சொல்வதை ஒவ்வொரு கட்டளையாகக் கேட்டு ஆர்முக்குச் செய்துகாட்டும். ஓஎஸ் 5-இல் முழு நிரலையும் ஆர்ம் கட்டளையில் எழுத அதிகாரபூர்வமான வழியே கிடையாது. புதிதாக எழுதுகிறவரும் 68000-க்குத்தான் எழுத வேண்டும்.

கட்டளை கட்டளையாக நடித்துக் காட்டினால் வேகம் குறைந்துவிடாதா? இங்கேதான் பாம் பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது, அதற்கும் கோப்பிலேயே சான்று இருக்கிறது. பாம் நிரல் எதையும் தானாகச் செய்வது குறைவு. திரையில் கோடு போடவும், பட்டியல் காட்டவும், பதிவேட்டில் தேடவும் ஓஎஸ்ஸைத்தான் கூப்பிடும். கூப்பிடும் முறை 78, 79 என்ற இரண்டு பைட், அதாவது என், ஓ. அதையடுத்து 160-இலோ சற்று மேலோ தொடங்கும் இரண்டு பைட் எண், எந்தச் சேவை வேண்டும் என்று சொல்வதற்கு. ஒரு சாதாரண நிரலில் இந்த ‘என், ஓ’ நூற்றுக்கணக்கில் இருக்கும். பேஸ் அதைக் கண்டதும் நடிப்பை நிறுத்திவிட்டு, அந்தச் சேவையை ஆர்மிலேயே எழுதப்பட்ட ஓஎஸ்ஸிடம் கொடுத்துவிடும். கனமான வேலையெல்லாம் அங்கே முழுவேகத்தில் நடக்கும். நிரலின் சொந்தக் கட்டளைகள் மட்டும் மெதுவாக ஓடும். பழைய 33 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 100-ஐத் தாண்டிய புதுச் சிப் என்பதால் அந்த மெத்தனமும் பெரும்பாலும் கையில் தட்டுப்படாது.

தட்டுப்பட்டவர்களும் உண்டு. பாமில் ‘ஹேக்மாஸ்டர்’ என்றொரு பிரபலமான நிரல் இருந்தது. ஓஎஸ் சேவைகளின் வழியில் குறுக்கே உட்கார்ந்து அவற்றின் நடத்தையை மாற்றும் குட்டி நிரல்களுக்கு அது மேலாளர். ஓஎஸ் 5-இல் அந்தக் கூட்டம் அப்படியே முடங்கியது. சேவைகள் ஆர்ம் பக்கத்துக்குப் போய்விட்டதால், ஓஎஸ் தனக்குள் பேசிக்கொள்ளும்போது பழைய வழியில் வருவதே இல்லை. வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் வெறிச்சோடிய பாதையில் உட்கார்ந்திருந்தார்கள். டிராகன்பாலின் ஒலிச் சுற்றையோ திரைச் சுற்றையோ நேரடியாகத் தொட்ட விளையாட்டுகளுக்கும் இதே கதி. கையேடு சொன்னபடி நடந்த நிரல் பிழைத்தது, கையேட்டை மீறிச் சாமர்த்தியம் காட்டிய நிரல் செத்தது. ஆர்க்கைவில் கிடக்கும் பாம் நிரல்களில் எதற்கு ஏன் ஆயுள் முடிந்தது என்று தேடுகிறவர்களுக்கு இது முதல் சூத்திரம்.

ஆர்ம் கைரேகை கடைசியில் ஒரு வீடியோ நிரலில்தான் கிடைத்தது. உள்ளடக்கப் பட்டியலில் வழக்கமான ‘கோட்’, ‘டேட்டா’ பகுதிகளோடு ‘ஏஆர்எம்சி’ என்று நான்கு எழுத்தில் இன்னொரு பகுதி. அதற்குள் நான்காவது பைட்டுகள் 224, 225, 226, 229 என்று வரிசை கட்டி நின்றன. ஊடே 30, 255, 47, 225 என்ற நான்கு பைட். ‘கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பு’ என்பதற்கான ஆர்ம் கட்டளை அது. இவற்றுக்கு ‘ஆர்ம்லெட்’ என்று நிரலாளர்கள் செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். நிரல் முழுக்கப் பழைய மொழியில் இருக்க, வேகம் தேவைப்படும் ஒரு சிறு பகுதியை மட்டும் ஆர்மில் எழுதி, பேஸ் வழியாகக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பாம் திறந்துவைத்த கதவு அவ்வளவுதான். டிசிபிஎம்பி என்ற வீடியோ இயக்கி, பிற விளையாட்டுக் கருவிகளின் எமுலேட்டர்கள், குறியாக்க நிரல்கள் போன்றவை இந்தக் கதவில் நுழைந்தன. நினைவுக்குறிப்பு எழுதும் நிரலுக்கு இதற்கான தேவையே இல்லை.

நுழைவதும் சுலபமில்லை. 68000 எண்களைப் பெரிய பக்கத்திலிருந்து எழுதும். பாமில் ஆர்ம் சிறிய பக்கத்திலிருந்து. 1000 என்ற எண் பழைய நிரலின் நினைவகத்தில் 3, 232 என்று கிடக்கும். ஆர்ம்லெட் அதை அப்படியே எடுத்தால் 59395 என்று படிக்கும். ஆகவே எல்லை தாண்டும் ஒவ்வொரு எண்ணையும் தலைகீழாகத் திருப்ப வேண்டும். போதாதற்கு, நான்கு பைட் எண்ணை இரட்டைப்படை முகவரி எதில் வேண்டுமானாலும் 68000 வைத்துக்கொள்ளும். அந்நாளைய ஆர்ம் நான்கால் வகுபடும் முகவரிதான் வேண்டுமென்று கேட்கும். ஒரு குட்டி ஆர்ம்லெட்டில் உண்மையான வேலைக்கான கட்டளைகளைவிட இந்தத் திருப்பும் வேலைக்கான கட்டளைகள் அதிகம் இருப்பதையும் பார்த்தேன். எழுதியவர் என்ன பாடு பட்டிருப்பார் என்பது பைட்டுகளிலேயே தெரிகிறது.

ஆப்பிள் இதே கணக்கை முன்பே போட்டிருந்தது. 1994 மார்ச்சில் பவர் மெக் வந்தபோது 68000-இலிருந்து பவர்பிசிக்குத் தாவினார்கள். பழைய நிரலுக்கு அங்கும் உள்ளேயே ஓர் எமுலேட்டர். பாமுக்கு முன்னோடி அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, நான்கெழுத்துப் பகுதிகளும் 1904-உம் அங்கிருந்து வந்திருக்கும்போது. இரண்டு வேறுபாடுகள் உண்டு. மெக்கில் இரு சிப்பும் எண்களை ஒரே திசையில் எழுதின, திருப்பும் தொல்லை இல்லை. முதல் நாளிலிருந்தே முழு நிரலையும் புதுச் சிப்புக்கு எழுதலாம், இரண்டு வகைக் கட்டளையையும் ஒரே கோப்பில் அடைத்தும் விற்கலாம். எனவே மெக் நிரலாளர்கள் சில ஆண்டுகளில் கரையேறிவிட்டார்கள். பாமில் ஏற வழியில்லை.

வழி வருவதாகத்தான் திட்டம். ஓஎஸ் 5 ஓர் இடைக்கால ஏற்பாடு. அடுத்ததில், பின்னால் ‘கோபால்ட்’ என்று பெயரிடப்பட்ட ஓஎஸ் 6-இல், முழு நிரலையும் ஆர்மில் எழுதலாம் என்று பாம்சோர்ஸ் கையேடுகளே வெளியிட்டது. கோபால்ட் 2004-இல் தயாராகிவிட்டது. அதை வைத்து ஒரு கருவிகூட விற்பனைக்கு வரவில்லை. அதற்குள் பாம் இரண்டாகப் பிரிந்திருந்தது, கருவி செய்யும் நிறுவனம் ஒரு பக்கம், ஓஎஸ் எழுதும் பாம்சோர்ஸ் மறு பக்கம். 2005-இல் பாம்சோர்ஸை ஜப்பானின் ஆக்சஸ் வாங்கியது. 2006 டிசம்பரில் பாம், தான் ஒருகாலத்தில் சொந்தமாக வைத்திருந்த பழைய ஓஎஸ் 5-ஐ நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமைக்காக ஆக்சஸுக்கு 44 மில்லியன் டாலர் கொடுத்தது. வீட்டை விற்றவர் குடியிருக்க வாடகை கொடுத்த கதை என்று சொல்லத் தோன்றினாலும், எனக்கு அதில் தெரிவது வேறு. அந்தப் பணத்தின் பெரும்பகுதி இணக்கத்துக்கான விலை. ஆயிரக்கணக்கான நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவை அத்தனையும் பேஸை நம்பியிருந்தன.

2007-இல் வந்த பாம் சென்ட்ரோவில் 312 மெகாஹெர்ட்ஸ் எக்ஸ்ஸ்கேல் சிப், அதுவும் ஆர்ம் வழிதான். அதில் ஓடிய நிரல்கள் 1996-இன் கட்டளைத் தொகுதியில் இருந்தன. அந்த ஆண்டு தேதியிட்ட கோப்புகளிலும் ‘என், கூரைக்குறி, என், யூ’ மாறாமல் இருக்கிறது. நிரல்களைப் பொறுத்தவரை பாம் ஓஎஸ் ஆர்முக்கு மாறவே இல்லை. பழைய நிரல்களை நோகாமல் காப்பாற்றிய ஏற்பாடே புதிதாக எழுதுகிறவர்கள் மாறவேண்டிய அவசியத்தையும் எடுத்துவிட்டது என்பது என் கணிப்பு. 2009-இல் பாமின் புதிய ஓஎஸ்ஸான வெப்ஓஎஸ் வந்தபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அதிலும் பழைய நிரல்களை ஓட்ட ‘கிளாசிக்’ என்ற எமுலேட்டரை வேறொரு நிறுவனம் விற்றது.

அடுத்த பெரிய மாற்றத்தில், 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போனதில், ஆப்பிள் இதற்கு நேரெதிராக நடந்துகொண்டது. 2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ், ஏ7 சிப்போடு வந்தது. அந்தச் சிப்புக்கு இரண்டு மொழியும் தெரியும். 2015-இலிருந்து 64 பிட் இல்லாத புது ஆப்களை ஏற்கவில்லை. 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வந்ததும் பழைய ஆப்கள் ஒரே நாளில் நின்றன. அதே மாதம் வந்த ஏ11 சிப்பில் 32 பிட் கட்டளையைப் படிக்கும் சுற்றே கிடையாது. ஆண்ட்ராய்டு பக்கத்தில் கூகுள் பிளே 64 பிட்டைக் கட்டாயமாக்கியது 2019 ஆகஸ்டில். 64 பிட் ஆப்களை மட்டுமே ஏற்கும் பிக்சல் 7 வந்தது 2022-இல். இங்கே கைரேகையும் மாறிவிடுகிறது. 64 பிட் ஆர்மில், கட்டளைதோறும் இருந்த அந்த நான்கு பிட் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். நான்காவது பைட் சோதனை அதில் செல்லாது. 192, 3, 95, 214 என்ற நான்கைத் தேட வேண்டும், திரும்பும் கட்டளை அதுதான்.

ஆவணக்காப்பாளர் பார்வையில் இந்த இரண்டு வழிகளின் பலன் விசித்திரமானது. நிரல்கள் கரையேறாத பாம் இன்று உலாவியிலேயே ஓடுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2022-இல் பாம் நிரல்களை கிளவுட்பைலட் என்ற எமுலேட்டரில் ஓடும்படி வைத்தது. அதன் வேர் 1996-இல் கிரெக் ஹியூகில் எழுதிய கோபைலட் வரை போகிறது. கரையேறிய ஐபோன் ஆப்களின் 32 பிட் பிரதிகளோ மறையாக்கப்பட்டு, ஒப்பமிடப்பட்டு, தனித்தனிக் கணக்கோடு கட்டப்பட்டுக் கிடக்கின்றன. டச்எச்எல்இ போன்ற முயற்சிகள் 2023-இலிருந்து அவற்றில் சிலவற்றை ஓட்டுகின்றன, அதுவும் மறையை அவிழ்த்த பிரதி கிடைத்தால்.

பாமிலும் சிக்கல் தந்தவை ஆர்ம்லெட் வைத்த கோப்புகள்தான். டிராகன்பாலை மட்டும் நடித்துக் காட்டும் எமுலேட்டருக்கு அந்தப் பகுதி வெறும் குப்பை. டிமித்ரி கிரின்பெர்க் என்பவர் ‘ரீபாம்’ என்ற பெயரில் ஓஎஸ் 5-ஐ இன்றைய கார்டெக்ஸ் எம் வகைச் சிறு சிப்புகளில் ஓடவைத்திருக்கிறார். அந்தச் சிப்புகளும் ஆர்ம் குடும்பமே. ஆனால் அவற்றுக்குத் தெரிந்தது ‘தம்ப்’ என்ற சுருக்கக் கட்டளைகள் மட்டும், பழைய நான்கு பைட் கட்டளை ஒன்றுகூடத் தெரியாது. அதனால் ஆர்மில் எழுதப்பட்ட பேஸையே தூக்கிவிட்டு, 68000-க்குப் புதிய எமுலேட்டரை தம்பில் எழுதினார். சாதாரண நிரல்களுக்கு அது போதும். வேகத்துக்காக ஆர்மில் எழுதிய ஆர்ம்லெட்டுகளுக்கு அது போதாது. ஆர்ம் கட்டளைகளை அதே ஆர்ம் குடும்பத்துச் சிப்புக்குப் பெயர்த்துத் தர இன்னொரு மொழிபெயர்ப்பியையும் அவர் எழுத வேண்டியிருந்தது.